தட்டிப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

காது கூர்மையாக இருக்கிறவர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. விருத்தாசலத்துச் சூளையில் நான் பார்த்த வேலை, வெந்த பீங்கானை விரலால் தட்டி, விரிசல் விட்டதை ஒதுக்குவது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நான் சரியென்று வைத்த ஜாடி எந்த ஊரிலும் ஒழுகியதில்லை. (ஒழுகியிருந்தால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.)

மருமகள் விஜயாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னது. நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அதிலேயே முகம் பார்த்து நேர்காணல். கிடைக்காவிட்டால் மகனும் அவளும் என்னை விட்டுச் சென்னைக்கே குடிபோவதாகப் பேச்சு.

பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிக்கொள்வதாக இருந்தாள். எதெது உழைக்கும் என்று நாள்கணக்கில் விசாரித்து வைத்திருந்தாள். கடையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மற்ற பாகங்களுக்குக் கரண்டு பிரித்துக் கொடுக்கிற பெட்டி வரும்வரை. அவள் கேட்டது கையில் பூ மாதிரி இருந்தது. தட்டினேன். ‘தொப்’ என்றது. பக்கத்தில் பேர் தெரியாத ஒன்று, குழவிக்கல் கனம். தட்டினேன். ‘ணங்’.

“இத எடு.”

“அத்த, இது கேரண்டி பாத்து வாங்கறது. சத்தம் பாத்து இல்ல.”

“நீ பொறக்கறதுக்கு முன்னருந்து தட்டிக்கினு இருக்கேன். சும்மா இரு.”

“அம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றார் கடைக்காரர். (போகாத சரக்கு போகிறதே.)

மாட்டிய மறுநாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும். அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. திரை வெளுத்தது, பிறகு கருத்தது. கருத்த கண்ணாடியில் என் முகம் மட்டும். அடுத்த நாளும் அதே வேளை, அதே மூச்சு. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவியதும் இப்படித்தான் மூச்சு விடுவார். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது.

“பக்கத்து கம்பெனில மண்ணு அரைக்கிற மிஷின் போடறாங்க அத்த. வோல்டேஜு எறங்கி ஏறுது, டப்பா தாங்கல. அதான் தானா ஆன் ஆவுது” என்றாள் விஜயா.

“அவருக்கும் ஏற்ற எறக்கம் ஆவாது” என்றேன்.

நேர்காணலும் மத்தியானம்தான். கதவைச் சாத்திக்கொண்டு அவள் சென்னை மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற எனக்கு அந்த மூச்சு கேட்டது. இந்தத் தடவை திணறலாக. மனுஷர் கோபித்துக்கொண்டு காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாரே என்று தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. பொண்ணு பொழைக்கட்டும்.”

திரையில் மேடத்தின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாடை. கம்ப்யூட்டர் செத்துப்போனது.

விஜயா அழவில்லை. பெட்டியைக் கழற்றிப் பிரித்தாள். உள்ளே பாதி இடம் காலி. மீதியில் கருகிப்போன சாமான் கொஞ்சம், கனத்துக்காக ஒட்டி வைத்த பீங்கான் துண்டு ஒன்று. எடுத்துத் தட்டினேன்.

“நல்லாத்தான் வெந்திருக்குது.”

(அவள் பார்த்த பார்வையை எழுதினால் காகிதம் கருகும்.)

சாயங்காலம் மேடமே போன் செய்தார். அதுவரை சொன்ன பதிலே போதும், வேலை உண்டு. கம்ப்யூட்டரை மட்டும் சரிசெய்துகொள்ளச் சொன்னார். வைக்கும் முன் கேட்டார்: “கற்பூரத்தோட வந்தாங்களே உங்க அத்தை, அவங்க பின்னாடி ஒரு பெரியவர் நின்னாரே, அவருக்கு ஒடம்பு சரியில்லையா?”

அது ஆணியில் தொங்கிய மகனுடைய சட்டை என்கிறாள் விஜயா. சட்டையை அன்று நான் துவைக்கப் போட்டிருந்தேன்.

இப்போது அவள் சொன்ன பூ மாதிரிப் பெட்டிதான் இருக்கிறது, மூச்சுப் பேச்சில்லை. ஆனால் கூட்டம் தொடங்கும் முன் சென்னையிலிருந்து, “பெரியவர் சௌக்கியமா?” என்று கேட்பார்கள். “சௌக்கியம் மேடம்” என்பாள் விஜயா. மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன், பின்னால் திரும்பிப் பார்க்காமல்.