சுரங்கம் காட்டுவோர்

பாழடைந்த அரண்மனை எங்குண்டோ அங்கெல்லாம் வௌவாலும் உண்டு, சுரங்கம் காட்டுவோரும் உண்டு. வௌவால் பகலிலாவது உறங்கும்.

இவ்வினத்தாரை எவ்வாறு அறிவது? சிதைந்த தர்பார் மண்டபத்தின் ஓவியங்களை நீங்கள் அண்ணாந்து நோக்குகையில், "அதுல என்ன இருக்கு, இங்க வாங்க" என்று கையைப் பற்றி இழுத்து, எருக்கு முளைத்த படிகளில் இறக்கி, இருண்ட பொந்தொன்றின் முன் நிறுத்தி, கூழாங்கல்லை உள்ளே எறிந்து செவி சாய்ப்பார். கல் விழுவது நன்றாகவே கேட்கும். "விழுந்த சத்தமே இல்ல பாருங்க" என்பார். அப்பொந்து ஆக்ராவுக்குப் போகும். எல்லாப் பொந்தும் ஆக்ராவுக்கே போகும்.

பேத்வா ஆற்றங்கரைச் சிற்றூரில் ஓய்வுபெற்ற நில அளவை எழுத்தர் பிரிஜ்கிசோர் கரே இம்மரபின் மாமணி. மகள் வினீதாவுக்குப் பன்னிரண்டு வரன்கள் தட்டிப்போனபின், ஜான்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஜாதகம் பொருந்தியது, பெண்ணைப் பிடித்தது, வினீதாவே வாய்திறந்து "சரி" என்றாள். மாலையில் அவள் மடியில் தேங்காயும் லட்டும் இட்டு உறுதி செய்வதே எஞ்சியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரம். அதை என்ன செய்வது? அரண்மனை இருக்கிறதே. பெண்ணையும் கூட்டிக்கொண்டு இரு வீட்டாரும் கிளம்பினர்.

"ஓவியத்தக் காட்டுங்க, ஆத்தக் காட்டுங்க. அந்தப் பொந்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று மனைவி குசும் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

போனார். கல்லெறிந்தார்.

"இதுக்குள்ள ஒரு கல்யாண ஊர்வலமே போச்சு சம்பந்தியம்மா. மாப்பிள்ள, குதிரை, மேளக்காரங்க, மொத்தம் எண்பது பேரு. ஒருத்தரும் திரும்பல."

மாப்பிள்ளையின் தாய் சவிதா நிகம் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். "எந்த ஊரு மாப்பிள்ள?"

கதையில் ஊர் கிடையாது. ஆயினும் இம்மரபினர் எவரேனும் 'தெரியாது' என்று சொன்னதுண்டா?

"ஜான்சிதான்" என்றார்.

சவிதாவின் முகம் வெளுத்தது. அருகே பெருக்கிக்கொண்டிருந்த காவலாளி ஹல்கே இரங்கினார். "பயப்படாதீங்கம்மா. இது பழைய தானியக் கிடங்கு. பன்னெண்டு படி, அப்புறம் செவுரு. என் வாளியே உள்ளதான் இருக்கு."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பிரிஜ்கிசோர் ஒருமுறை தலையசைத்தால் சகுனப்பிழை நீங்கும், மகளின் மடி நிறையும். குசும் அவர் இடுப்பைக் கிள்ளினாள். "ஆமான்னு சொல்லுங்கப்பா" என்றாள் வினீதா, தாழ்ந்த குரலில்.

அவர் நெஞ்சில் ஒரு கணம் தந்தை எழுந்தார். மறுகணமே சுரங்கம் காட்டுபவர் அத்தந்தையின் கழுத்தை நெரித்துவிட்டார்.

"இவன் வேலைக்கு வந்தே ஆறு வருஷம்தான், இவனுக்கென்ன தெரியும்? அந்த எண்பது பேரும் போனப்புறம் வெச்சு அடைச்ச செவுருதான் அது."

ஜான்சிக்காரர்களின் வண்டி பொழுது சாயுமுன்பே புறப்பட்டது. தட்டில் லட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. வினீதா தந்தையோடு பேசுவதை நிறுத்தினாள்.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அடுத்த ஞாயிறன்று, கான்பூரிலிருந்து வந்த கூட்டத்தை அதே பொந்தின் முன் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்: "இந்த வாசல்ல நின்னு கல்யாணம் பேசினா முறிஞ்சுபோகும். யாரோ சொன்னதில்ல, எங்க வீட்டுலயே நடந்தது."

நகைக்கிறீர்கள், நன்று. ஆனால் உங்கள் ஊர்க் கோட்டையிலிருந்து கோயில் குளம்வரை ஒரு சுரங்கம் போகிறதாமே? சென்ற மாதம் விருந்தினரிடம், இரண்டு யானை சேர்ந்தே போகலாம் என்று, கைகளை அகல விரித்துக் காட்டியது யார்?