மஞ்சள் காலுக்குச் சாட்சி

பறவையின் கால் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு குப்பைமேட்டில், பைனாகுலரும் கையுமாக ஆதிநாராயணன் காலை முதல் நின்றுகொண்டிருந்தார். மார்கழி பிறந்தால் கடற்காகங்களுக்கு மரக்காணம் கடற்கரையைவிட இந்த மேடுதான் பிடிக்கும். இன்று நூறு சாதாரணக் கடற்காகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் முதுகு கருத்து, ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. கால் மஞ்சளாக இருந்தால் அது வடதுருவத்துப் பக்கமிருந்து வந்த அபூர்வ விருந்தாளி. விருந்தாளியோ எச்சில் இலைக்குள் காலைப் புதைத்துக்கொண்டு பரோட்டா தின்றது.

ஒருவழியாகக் கால் வெளியே வந்தது. மஞ்சளேதான். ஆதிநாராயணன் சந்தோஷத்தில் துள்ளியதில், செல்போனில் எடுத்த படம் கலங்கிவிட்டது.

இது அவருக்கு மானப் பிரச்சினை. போன வருடம் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'அரிய வெள்ளைக் கடற்காகம்' என்று அவர் போட்ட படம், பெரிதாக்கிப் பார்த்தால் ஜவுளிக்கடைப் பை. அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் கேரிபேக். குழுத் தலைவர் ஷாகுல் ஹமீது, விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். மஞ்சள் கால் சேதி குழுவுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை தாமே வந்து அந்தக் காலைப் பார்ப்பதாகவும், இந்த முறையும் பையாக இருந்தால் குழுவிலிருந்து நீக்கிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

ஞாயிறுவரை பறவை பறக்காமல் இருக்க வேண்டுமே. ஆதிநாராயணன் ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போட்டுக் காவல் இருந்தார். விடிந்ததும் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். வீடே நாறுகிறது என்று மனைவி சங்கவி டீச்சர் அவரை நேரே குளியலறைக்கு விரட்டினார்.

தொப்பி, ஷூ, பைனாகுலர், நோட்டு சகிதம் ஒருவர் குப்பையை உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? குப்பை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி விருத்தாசலத்துக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே ஒரு டிராக்டர் வந்து மேட்டின் ஒரு மூலையை வாரிக்கொண்டு போனது.

ஆதிநாராயணன் பதறி ஓடி, தான் அதிகாரி இல்லை, பறவை பார்க்க வந்தவன் என்று விளக்கினார்.

"புரியுதுங்க சார்," என்று குரலைத் தாழ்த்தினார் விருத்தாசலம். "நீங்க பறவைதான் பாத்துக்கினு இருக்கீங்க. நான் யார்கிட்டயும் மூச்சு வுடமாட்டேன்."

அன்று மாலை இன்னும் இரண்டு டிராக்டர்கள் வந்தன.

குப்பை குறைந்தது, கடற்காகங்களும் குறைந்தன. ஆதிநாராயணன் மரக்காணம் போய் ஒரு கூடை மீன்கழிவு கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் கொட்டினார். அதிகாரி பரீட்சை வைக்கிறார் என்று மேஸ்திரி அதை அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவினார். தயவுசெய்து குப்பையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று இவர் கெஞ்சினார். இத்தனை குத்தலாகப் பேசும் அதிகாரியை மேஸ்திரி தன் சர்வீசில் பார்த்ததில்லை. சனிக்கிழமைக்குள் மேடே காணாமல் போனது.

ஞாயிறு காலை ஷாகுல் ஹமீது வந்து இறங்கினார். பாதையின் இருபுறமும் பவுடரில் வெள்ளைக் கோடு, நடுவே கலர் கோலம், நான்கு வேப்பங்கன்றுகள். மேஸ்திரி மாலையோடு நின்றார். கடற்காகம் என்ன, ஒரு சாதாரணக் காகம்கூட இல்லை.

பேராசிரியர் செல்போனை எடுத்துக் குழுவைத் திறந்தார். ஆதிநாராயணனுக்கு அழுகையே வந்துவிட்டது. கோலத்தை முடித்துக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி அஞ்சம்மாளிடம், இங்கிருந்த பெரிய கருமுதுகுப் பறவை எங்கே போனது என்று கேட்டார்.

"அந்த மஞ்சக்காலுதுங்களா? குப்பை போன எடத்துக்கே எல்லாம் போயிடுச்சுங்க. நேத்துகூடப் பாத்தேன்."

மஞ்சள் கால் என்று இன்னொரு வாய் சொல்லிவிட்டது. பேராசிரியர் செல்போனைப் பைக்குள் போட்டார். ஆதிநாராயணன் அந்த அம்மாளின் காலில் விழாத குறை. எந்த இடம், எந்த இடம் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"கேக்க ஆள் இல்லாத எடமாப் பாத்துக் கொட்டச் சொன்னாருங்க மேஸ்திரி. சங்கவி டீச்சர் வூட்டுக்குப் பின்னால காலி மனை ஒண்ணு கெடக்குது. அந்த வூட்டுக்காரரு ஒரு வாரமா விடிஞ்சா எங்கயோ ஓடிடறாராம்."