மன்னிப்பின் நாலாவது படி

குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பது ஆபத்தான வேலை. அவர்கள் எப்படியும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் பெரியவர்கள் எல்லாரும் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பில் ஒருத்தி கேட்டுக்கொண்டாள். அதனால் ஒரு நல்ல மனிதரின் மீசை போக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் அரியலூர். வேலை கிடைத்தது எறையூர் சர்க்கரை ஆலையைத் தாண்டி, கரும்பும் மக்காச்சோளமுமாக இருக்கும் ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளியில். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்றும் ஓசியில் டீ கிடைக்கிறது, கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.) ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பதினாறு பிள்ளைகள், ஒரே அறை, என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியை அமுதா டீச்சரிடம். பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

அந்த நாட்களில் என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. முதலாவது என் மீசை. முனையில் லேசாக மேலே வளைந்திருக்கும். தினமும் பஸ் ஏறுவதற்கு முன் தனிச் சீப்பால் வாரிவிடுவேன். ஜெயங்கொண்டத்தில் பெண் பார்க்கப் போன அன்று, வளர்மதி என்ற அந்தப் பெண் உள்ளே போய் “மீசை நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னதாக என் தங்கை உளவறிந்து வந்து சொன்னாள். என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அவள் வாயே திறக்கவில்லையாம். ஆக, எனக்குக் கல்யாணம் நிச்சயமானதே மீசையின் புண்ணியத்தில்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

இரண்டாவது சொத்து, பெரம்பலூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வாங்கிவந்த ஒரு ஃபைல். பிள்ளைகளுக்கு நற்பண்புகளை எப்படிக் கற்பிப்பது என்று அதில் எழுதியிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த மற்ற ஆசிரியர்கள் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருவன்தான் வரிக்கு வரி குறிப்பெடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த ஊரை நான் மாற்றிக் காட்டப் போவதை நினைத்து எனக்கே புல்லரித்தது.

‘வாரம் ஒரு நற்பண்பு’ என்று திட்டம் போட்டேன். முதல் வாரம், உண்மை பேசுதல். மூன்றே நாளில் பிள்ளைகள் “சார், நீங்க பாடுனா நல்லால்ல சார்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ‘பெரும் வெற்றி’ என்று ஃபைலில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், மன்னிப்புக் கேட்டல். அதற்காக ஸ்கெட்ச் பேனாவால் பெரிய சார்ட் எழுதி, படிக்கட்டுப் படமும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் படி: நான் என்ன செய்தேன்? இரண்டாம் படி: அது ஏன் தப்பு? மூன்றாம் படி: இனிமேல் செய்ய மாட்டேன். நாலாவது படி: சரி பண்ண நான் என்ன செய்யணும்?

பயிற்சியில் மூன்று படிதான் சொன்னார்கள். நாலாவது என் சொந்தச் சரக்கு. என் புத்திசாலித்தனத்துக்கு மூன்று படி போதவில்லை.

அமுதா டீச்சர் வந்து சார்ட்டைப் படித்தார். அந்த ஊரிலேயே இருபது வருடமாக இருப்பவர். “சார், இங்க மன்னிப்புக் கேக்கறதுன்னா அது சாதாரணம் இல்லைங்க. கால்ல வுழுந்த மாதிரி எடுத்துக்குவாங்க. புள்ளைங்களுக்கு ‘தெரியாம பண்ணிட்டேன்’னு சொல்லக் கத்துக்குடுத்தாப் போதாதுங்களா?” என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “மன்னிப்புக் கேக்கறதால யாரும் கொறைஞ்சு போயிட மாட்டாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்கு மீசை சாட்சி.

புதன்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒவ்வொருவரும் யாராவது ஒருவரிடம் போய், கையைக் கட்டி நின்று, நாலு படியும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

வியாழக்கிழமை காலை வகுப்பே களை கட்டியது. ஒருவன் தன் வீட்டு எருமையிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான். நாலாவது படிக்கு எருமை பதில் சொல்லும் என்று வெகுநேரம் நின்றானாம். சர்க்கரையைத் திருடித் தின்றதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டவளுக்கு, நாலாவது படியில் ஆறு குடம் தண்ணீர் பிடிக்கும் வேலை கிடைத்தது. தாய்மார்கள் என்னை வாழ்த்திக்கொண்டிருப்பார்கள் என்று மிதப்பாக இருந்தது.

இரண்டாம் வகுப்பு யாழினி மட்டும் வரவில்லை. அவளுக்குப் பதில் அவள் பெரியப்பா ராஜமாணிக்கம் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

“சார், இந்தப் பள்ளிக்கூடத்துல இப்பதான் ஒருத்தர் உருப்படியா சொல்லிக்குடுக்கறாரு” என்றார்.

(ஆசிரியனாக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஒரு பழத்தை அங்கேயே உரித்துவிட்டேன்.)

பிறகு விஷயத்தைச் சொன்னார். போன மாதம் அவருடைய மக்காச்சோளத்தில் ஓர் ஆடு புகுந்து ஒரு மூலையையே மொட்டையாக்கிவிட்டது. அது தன் தம்பி செல்வராஜ் வீட்டு ஆடுதான் என்றார் இவர். செல்வராஜ் டீக்கடையில் ஊரே பார்க்க எழுந்து நின்று, “எங்க ஆடு மேஞ்சிருந்தா இந்த மீசைய எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார். பார்த்த சாட்சி யாரும் இல்லை. அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்தச் செல்வராஜின் மகள்தான் யாழினி.

“நேத்து சாயங்காலம் வந்து வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்குது சார். ‘பெரியப்பா, ஆட்ட நான்தான் அவுத்து வுட்டேன். அது உங்க சோளத்த தின்னுருச்சு. உங்க சோளம் வீணாப் போச்சு, அதனால அது தப்பு. இனிமே செய்ய மாட்டேன்’னு சொல்லுச்சு. நானே அசந்துட்டேன். அதோட வுட்டிருந்தா நானும் போவட்டும்னு வுட்டிருப்பேன். நாலாவதா ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க!”

பழம் எனக்குத் தொண்டையில் நின்றது. “என்ன கேட்டா?” என்றேன், எனக்குத் தெரியாதது மாதிரி.

“‘சரி பண்ண நான் என்ன செய்யணும்’னுச்சு. ஒங்கப்பன மீசைய எடுக்கச் சொல்லுன்னேன். ‘சரி பெரியப்பா’ன்னு போயிருச்சு. சனிக்கெழம காலைல சலூன்ல வெச்சிருக்கோம். நீங்களும் அவசியம் வந்துரணும் சார்.” கல்யாணத்துக்கு அழைப்பது போல அழைத்துவிட்டுப் போனார்.

மதியம் செல்வராஜ் வந்தார். கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். என் மீசை ஒரு தாலுகா என்றால் அவருடையது ஒரு மாவட்டம். அடித்துவிடுவாரோ என்று நான் மேசைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“எம்புள்ளய நான் ஒண்ணும் சொல்லல சார். உண்மையத்தான சொல்லியிருக்கு. அது அவுத்து வுட்டது எனக்கே தெரியாது. ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு, மீசைய எடுத்துடறேன். ஆனா இனிமே புள்ள இங்க வராது. டவுன்ல வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறேன்.” போகப் போனவர் திரும்பினார். “நேத்துலேருந்து சோறு திங்கல சார். ‘தப்ப ஒத்துக்கிட்டா எல்லாம் சரியாயிரும்னு சார் சொன்னாரு, என்னால அப்பா மீசை போவுது’ன்னு அழுதுக்கிட்டே கெடக்குது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை என்னை நம்பிப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் இங்கே வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் சார்ட் எழுதுகிற ஆள் ஆயிற்றே, தந்திரம் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் ராஜமாணிக்கத்தைப் பிடித்து, “அது வெறும் பயிற்சிங்க. கற்பனையா ஒரு தப்ப நெனைச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும்னு நான்தான் சொல்லிவிட்டிருந்தேன். அதப் போயி நெசம்னு எடுத்துக்கிட்டீங்களே!” என்றேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். பாதி நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அப்போது பன் வாங்க வந்து நின்ற என் மூன்றாம் வகுப்பு மாணவன் கவின், மிகவும் மரியாதையாக, “சார், கற்பனைன்னு நீங்க சொல்லவே இல்லையே. போன வாரம் உண்மை படிச்சோம்ல சார்?” என்றான்.

டீக்கடை சிரித்த சிரிப்பில் பாய்லரே ஆடியது. கவினைத் திட்டவும் வழியில்லை. அந்த ஊரில் என் பாடத்தை ஒழுங்காகப் படித்த இரண்டாவது ஆள் அவன்.

அன்று மாலை அமுதா டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செல்வராஜ் வீட்டுக்குப் போனேன். யாழினி அப்பாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

“சாரிம்மா யாழினி” என்றேன்.

“வெறும் சாரி சொன்னாப் போதாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

அமுதா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயை மூடினார்.

“கையக் கட்டுங்க சார்.”

கட்டினேன்.

“மொத படி?”

“டீச்சர் வேணாம்னு சொல்லியும் கேக்காம அந்த வீட்டுப்பாடத்தக் குடுத்தேன். அப்புறம் ஒங்க பெரியப்பாகிட்ட பொய் சொன்னேன்.”

“ரெண்டு?”

இதற்கு நான் தயாராக வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “எனக்கு நல்ல பேரு வரணும்னு ஒங்களச் செய்யச் சொன்னேன். பிரச்சினைன்னு வந்ததும் ஒன்னத் தனியா விட்டுட்டேன். அது தப்பு.” சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

“மூணு?”

“இனிமே செய்ய மாட்டேன்.”

இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

“நாலு சார்.”

“சரி பண்ண நான் என்ன செய்யணும்?”

யாழினி நிமிர்ந்து அப்பாவின் மீசையைப் பார்த்தாள். பிறகு என் மீசையைப் பார்த்தாள். கட்டியிருந்த என் கை தானாக மீசைக்குப் போனது.

“அப்பா மீசைக்குப் பதிலா ஒங்க மீசைய எடுத்துக்கங்க சார்.”

“ஏய், சாருக்கு நாளான்னிக்கு நிச்சயதார்த்தம்டி!” என்று செல்வராஜே பதறிவிட்டார்.

“அதுக்குள்ள மொளைச்சிராதா?” என்றாள் அவள்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பிள்ளை மறுபடி அப்பாவின் பின்னால் போய் நின்றிருக்கும். அந்தச் சார்ட்டையும் அன்றோடு கிழித்துப் போட்டிருக்க வேண்டும். “சரிம்மா” என்றேன்.

ஊரார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. சனிக்கிழமை காலை ராஜமாணிக்கம் அதையும் முடித்துவைத்தார். “ஆட்ட அவுத்து வுட்டது புள்ள. புள்ளய அவுத்து வுட்டது சாரு. அப்ப சாரு மீசை போறதுதான் நியாயம்!” ஊரே தலையாட்டியது.

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் பதினாறு பிள்ளைகளும் உயர வரிசைப்படி நின்றார்கள். (உயர வரிசை நான் சொல்லிக்கொடுத்ததுதான்.) சலூன்காரர் மூன்று முறை “நெசமாவே எடுத்துடவா சார்?” என்று கேட்டுவிட்டு, இடது பக்கத்தில் கத்தியை வைத்தார். இடது பாதி போனதும் ராஜமாணிக்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

“போதும்பா, போதும்! பாவம், வுட்ரு!”

சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, “வுட்டுட்டு மீதிய என்னண்ணே பண்ணச் சொல்றீங்க?” என்றார்.

மீதியும் போனது. துண்டால் துடைத்துவிட்டுத் திரும்பினேன். ஊரே என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது. பிறகு ராஜமாணிக்கம் அடக்க முடியாமல், “ஏ செல்வராசு, நம்ம சாரப் பாருடா, கவின் தம்பி மாதிரி இருக்காரு!” என்றார்.

“ஆமாண்ணே” என்று செல்வராஜும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு, என் மேலுதட்டைப் பற்றியது. எனக்குக் கண் கலங்கியது. மீசை போன துக்கம் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். முக்கால்வாசி அதுதான்.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பொண்ணு இவன்கிட்ட புடிச்சிருக்குன்னு சொன்னதே ஒண்ணே ஒண்ணு. அதையும் வழிச்சிட்டு வந்து நிக்கிறானே!” மறுநாள் ஜெயங்கொண்டத்தில் காரைவிட்டு முதலில் இறங்கினேன். பெண்ணின் சித்தப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்து, “தம்பி, மாப்பிள வர்ற வண்டி பின்னால வருதா?” என்று கேட்டார்.

வளர்மதியிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நாலு படியும் சொன்னேன். அவள் ஆடு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, சலூன் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். “மீசை இருந்தப்ப ஒங்க மூஞ்சிய நான் சரியா பாக்கவே இல்லைங்க. இப்பதான் பாக்கறேன்” என்றாள். பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது.

திங்கட்கிழமை யாழினி பள்ளிக்கு வந்தாள். மூன்றாவது வாரத்துக்கு அமுதா டீச்சர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நற்பண்பு, கை கழுவுதல்.

இப்போது எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் “அம்மா பக்கத்துல நிக்கிற அண்ணன் யாரு?” என்று கேட்பாள். தெரிந்தேதான் கேட்கிறாள், எல்லாம் வளர்மதியின் பயிற்சி. மீசை மறுபடி வளர்ந்துவிட்டது, பழைய வளைவு மட்டும் வரவில்லை. வீட்டில் ஏதாவது தப்புச் செய்துவிட்டு நான் வாய் தவறி “சாரி” என்று சொல்லிவிட்டால் போதும், என் மகள் நேராகக் குளியலறைக்குப் போய், ரேசரை எடுத்துவந்து என் முன்னால் வைக்கிறாள்.