எல்லா இதழும் தெளிவாக

நடைமுறை தெரிந்தவனிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் நடைமுறை பிழைத்துக்கொள்ளும். பொருளின் கதி கடவுள் கையில். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நடைமுறைக் கையேடு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். தீயணைக்கும் கருவியைப் பிடிப்பது பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் கட்டடம் எரிந்துவிடும் என்பார்கள். (பொறாமை.)

இப்போதெல்லாம் ஒரு பூவை மிக நெருக்கத்தில் படமெடுப்பவர்கள், முன்பக்கம் தெளிவாக ஒன்று, நடுப்பகுதி தெளிவாக ஒன்று, பின்னிதழ் தெளிவாக ஒன்று என்று வரிசையாக எடுத்துக் கணினியில் போடுகிறார்கள். மென்பொருள் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி ஒரே படமாக்கித் தருகிறது. அதற்குள் இவர்கள் தேநீர் குடித்துவிட்டு வருகிறார்கள். இதே வேலையை எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பிளேடும் கோந்தும் வைத்துச் செய்தேன். என் கல்யாணமும் சேர்ந்து வெட்டுப்பட இருந்தது.

அப்போது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக்கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். சம்பளம் முழுக்கக் காமிராவுக்குப் போனது. லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே மாட்ட, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு கருவி வாங்கியிருந்தேன். எறும்பை எருமையாகக் காட்டும். தேவாலயப் பாடகர் குழுவில் ஸ்டெல்லா பாடினாள். அதனால் நானும் சேர்ந்தேன். (நான் பாடியதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

ஸ்டெல்லாவின் அப்பா லூர்து அங்கிளுக்கு நகருக்கு வெளியே கிராஞ்சியில் ஆர்கிட் தோட்டம். இரண்டு வகைச் செடிகளைக் கலந்து, பல வருடம் காத்திருந்து, புது வகை ஒன்றை உண்டாக்கியிருந்தார். அதில் முதல் முறையாக ஒரு பூ, ஒரே ஒரு பூ, வந்திருந்தது. புது வகை என்று வெளிநாட்டில் பதிவு செய்யப் படம் அனுப்ப வேண்டும்.

"அப்பாகிட்ட நேரா கல்யாணம்னு ஆரம்பிச்சீங்கன்னா செடி வெட்டுற கத்திய எடுத்துட்டு வருவார். பூவ வச்சு உள்ள போங்க," என்றாள் ஸ்டெல்லா.

போனேன். புக்கிட் பாஞ்சாங்கில் பேருந்து மாறி, முக்காலியும் இரண்டு பெரிய விளக்குகளும் துருத்தியுமாக இறங்கியபோது, பல் பிடுங்க வந்தவனைப் பார்ப்பது போல அங்கிள் பார்த்தார்.

"ஒரு பூவுக்கு இவ்ளோ சாமானா? ஒரு படம் போதும் லா, தம்பி."

"ஒண்ணு பத்தாது அங்கிள். கிட்ட போனா முன்னால நீட்டிட்டிருக்கிற உதடு இதழ் மட்டும்தான் தெளிவா வரும், பின்னால எல்லாம் பஞ்சு மாதிரி ஆயிடும். நான் துளித் துளியா நகர்த்தி வரிசையா எடுத்து, தெளிவான துண்டுகள வெட்டி ஒட்டிடுவேன். உலகத்துல யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க!"

கடைசி வாக்கியம் மட்டும் அப்படியே பலித்தது.

பூ அசையக் கூடாது என்பது முதல் விதி. எனவே தொட்டியைத் தோட்டத்து வீட்டு அறைக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னல்களை மூடினேன். நடந்தால் பலகைத் தரை அதிரும் என்று அங்கிளை அவருடைய வீட்டிலிருந்தே வெளியேற்றினேன். கூரையோ தகரம். விளக்குகளைப் பூவுக்கு இருபுறமும் நெருக்கி வைத்து, துருத்திக்குப் பின்னால் கண்ணை ஒட்டினேன்.

என்ன காட்சி! உதட்டின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய ஊதாப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு தீவு! ஒரு படம். மயிரிழை நகர்த்தினேன். மஞ்சள் தொண்டைக்குள் நரம்புகள்! இன்னொரு படம். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் முக்காலி ஆடிவிடுமோ என்றுதான் பயந்தேன்.

கதவு லேசாகத் திறந்தது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"பூ ஒரு மாதிரி இருக்கே..."

"பேசாதே. மூச்சுக்காத்து படும்."

"இல்லங்க, அது..."

"கதவ மூடு!"

மூடினாள். நான் பின்னிதழ் வரை போய், கடைசிப் படத்தையும் எடுத்து, வெற்றியோடு நிமிர்ந்தேன். அதுவரை நான் பூவைப் பார்க்கவே இல்லை. தெளிவாகத் தெரிந்த துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாகப் பார்த்தால், கீரை வதக்கிய வாசனையோடு ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கிள் வந்தார். பூவைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஃபோட்டோ எடுக்கச் சொன்னா, சமைச்சு வச்சிருக்கியே!" என்றார். பிறகு மெதுவாக, "படம் இருக்குல்ல? அது போதும்," என்றார்.

எல்லாம் இனி அந்தப் படத்தில்தான். ஃபிலிமைக் கழுவி அச்சிட்டேன். காமிரா நகர்ந்தால் பூவின் அளவும் கொஞ்சம் மாறும்; அதற்கும் நடைமுறை உண்டு, சரிசெய்தேன். ரேஸர் பிளேடால் இதழ் இதழாக வெட்டினேன். ஒட்டிய தடம் தெரியாமல் தூரிகையால் பூசி, மொத்தத்தையும் மறுபடி படமெடுத்தேன். குற்றம் சொல்ல முடியாத வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் கிராஞ்சி வீட்டுக்குப் போய் அங்கிள் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

முன்பக்கத்தை முதலில் எடுத்திருந்தேன். ஆகவே உதடு அன்று காலை மலர்ந்தது போல இருந்தது. நடுப்பகுதி சோர்ந்திருந்தது. பின்னிதழ்கள் ஈரத்துணியாகத் தொங்கின. ஒவ்வொரு சுருக்கமும் அவ்வளவு தெளிவு!

"முன்னால கல்யாண வீடு. பின்னால எழவு வீடு," என்றார் அங்கிள். "இத அனுப்பினா பூவுக்குப் பதிலா வியாதின்னு பதிவு பண்ணுவாங்க."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் தரையைப் பார்த்தபடி, "இன்னொரு தடவை..." என்றேன்.

"உன் துருத்தி என் தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது! அடுத்த பூ வரட்டும், நானே எடுத்துக்கறேன். அது பதிவாகணும். அதுக்கப்புறம்தான் உங்க கல்யாணம். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது!"

உங்க கல்யாணம்! மனிதர் கோபத்தில் சம்மதம் சொல்லிவிட்டது அவருக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது, ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர் மனம் மாறுவதற்குள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் சாலைக்கு ஓடினேன்.

அதன்பின் வாராவாரம் கிராஞ்சிக்குப் போய், என் எதிர்காலத்துக்கு உரம் போட்டேன். மறுவருடம் மொட்டு வந்தது. அங்கிள் செடியைத் தூக்கி மரநிழலில் வைத்து, பிள்ளைகள் சுற்றுலாவுக்குக் கொண்டுபோவது போன்ற சின்னக் காமிராவால் ஒருமுறை அழுத்தினார். பின்னிதழ் மங்கல்தான். பதிவாகிவிட்டது.

கல்யாணத்தன்று தேவாலயத்துக்கு வெளியே படக்காரர் இரண்டு விளக்குகளை நிறுத்தி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார். எங்கிருந்தோ செடிக்கு நீர் தெளிக்கும் பம்போடு அங்கிள் வந்து, ஸ்டெல்லாவின் முகத்தில் புஸ் என்று அடித்தார். "நிறுத்துப்பா! பொண்ணு வாடிடும்!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் படக்காரர் இரண்டாவது படத்துக்குத் தயாரானால், யாராவது பம்போடு ஓடி வருவார்கள். பெண்கள் இப்போது முன்கூட்டியே தண்ணீரில் அழியாத கண்மையாகப் பார்த்து வாங்குகிறார்கள். சென்ற மாதம் தங்கை மகள் கல்யாணத்தில் பம்ப் என் கைக்கு வந்தது. பின்னிதழிலிருந்து தொடங்கியிருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் விளக்கத் தொடங்கினேன். ஸ்டெல்லா பம்பைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தாள்.