துணி உலர்த்தும் மெஷினுக்குத் துக்கம் கேட்டவர்

ரங்கூனில் மெஷின் ரிப்பேர் செய்யும் மிஸ்திரிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கெட்டுப்போன மெஷின் இருக்கும் இடத்துக்குத் துக்கம் கேட்க வருவதுபோல் வந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஊர்க்கோடியில் இருக்கும் தாகேதாவிலிருந்து பஸ் ஏறி வருவார். வாசலில் செருப்பை விட்டு, தோள் துண்டை இறக்கி, குரலைத் தாழ்த்தி, "எப்பலேருந்து இப்படி?" என்பார். எல்லோருக்கும் அவர் இழவு மிஸ்திரி. அவருடைய சொந்தப் பெயரை நானும் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக ஆளுக்கு ஒரு வாய் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொள்ளச் சொன்னாராம். அப்புறம் அவரே அதைச் சரிசெய்தும் விட்டார். ஆனாலும் கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதே.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். கணவர் இறந்தபிறகு என் அக்கா ராணி, பர்மிய மரியாதையில் 'மா ராணி', சலவைக்கடை நடத்திப் பிழைத்தாள். ஒரு விருந்தினர் விடுதியின் படுக்கை விரிப்புகள்தான் கடைக்குச் சோறு போட்டன. அந்த நேரம் பார்த்து, பழையதாக வாங்கிய உலர்த்தும் மெஷின் சூடாக மறுத்தது. டிரம் மட்டும் சுற்றும். துணி போனபடியே ஈரமாக வெளியே வரும். சாயங்காலத்துக்குள் விரிப்புகள் வராவிட்டால் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று விடுதி மேனேஜர் சொல்லியனுப்பினார். அது போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மிஸ்திரி வந்தார். மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"சில்லுன்னு கெடக்குது, மா ராணி. மனசத் தேத்திக்கங்க."

அக்கா அழுதேவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவரை அப்படியே பஸ் ஏற்றிவிடலாம் போலிருந்தது.

அவர் பாட்டுக்கு வோல்டேஜ் பார்த்தார். எங்கள் தெருவில் அதிசயமாக அன்று சரியாக இருந்தது. முதுகைக் கழற்றிச் சூட்டுக் கம்பியைச் சோதித்தார். அதுவும் அறுபடவில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் திடீரென்று போய்விடுகிறார்கள் என்று பெருமூச்சு விட்டார். பக்கத்தில், சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் சின்ன ஃப்யூஸ் போயிருந்தது. சூடு ஏன் மிஞ்சியது? அனல்காற்று வெளியேறும் குழாய்க்குள் கையை விட்டு, பஞ்சு அப்பிய ஒரு பழைய லுங்கியை உருவி எடுத்தார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குழாயின் வாய் பின்சந்தில், எதிர்வீட்டு பர்மியப் பெரியவர் ஊ டின் உட்காரும் ஜன்னலைப் பார்த்திருந்தது. அந்த மெஷினில் பெண்களின் லுங்கிகளும் காயும். பெண்கள் இடுப்புத்துணியின் காற்று ஆணின் தலையில் பட்டால் அவன் மகிமை குறைந்துவிடும் என்பது பர்மியர் நம்பிக்கை. ஊ டின் பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவாகத்தான் அடைத்திருந்தாள்.

"பெரிய மனுசன் தெனம் அங்க ஒக்காந்துதான் செபமால உருட்டுறாரு. அவரு தலமேல எப்படிண்ணே விடுறது?"

"மரியாத பண்ணப் போயி இத மூச்சடைக்க வச்சிட்டீங்களே, தங்கச்சி" என்றார். சிரிக்கவில்லை.

கொட்டும் மழையில் தாகேதா போய் ஒரு ஃப்யூஸோடு திரும்பினார். அவர் வீட்டில் செத்த மெஷின்களுக்கென்றே ஓர் அறை உண்டு. எதையும் பழைய இரும்புக்குப் போட மனசு வராது. ஏணி போட்டு, நனைந்துகொண்டே குழாயின் வாயை ஜன்னல் இல்லாத சுவர்ப்பக்கம் திருப்பினார். மெஷின் சூடானது. அப்போதும் அவர் கிளம்பவில்லை. ஸ்டூலைப் போட்டு மெஷின் கதவில் கைவைத்து உட்கார்ந்து, இது ராத்திரி தாங்காது என்று முனகிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் விரிப்புகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

கிளம்பும்போது மெஷினைத் திரும்பிப் பார்த்து, "வர்றேன்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பிழைத்தோம் என்று அக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

ராத்திரி தாங்காது என்றாரே, அந்த மெஷின் அவரையும் தாண்டி ஓடியது. அவர் இறந்த அன்றும் மழைதான். அவர் வீட்டில் போர்த்துவதற்குக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை என்று கேட்டதும் அக்கா ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து மெஷினில் போட்டாள். பிளாஸ்டிக்கில் சுற்றி, பஸ்ஸில் யாரையும் தொடவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் இருவரும் அதை அவர்மேல் போர்த்தினோம். எனக்குத் தாங்கவில்லை. துணியில் இன்னும் சூடு இருந்தது.