விழுகிற அக்கா

ஒருத்திக்குக் கால் சுளுக்கினால் இன்னொருத்திக்கு வாழ்வு வரும் என்று அமெரிக்காக்காரர்கள் அந்தக் காலத்திலேயே படம் எடுத்துவிட்டார்கள். அதை நம்பியவள் நான். (மலேசியாவில், ஈப்போ பக்கம் சிலிபினில் இருந்துகொண்டு இதையெல்லாம் நம்பலாமா என்று யாரும் கேட்கவில்லை.)

கையுறைத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடி, ஆறு பெண்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா தோட்டத்து மரங்களில் பால் வெட்டினார், நான் கையுறை எண்ணினேன். இருவரையும் ரப்பர் கைவிட்டது. என் கணவருக்கும் லாரி ஓட்டம் குறைந்திருந்தது. அரிசி வாளியைத் திறக்கவே பயமாக இருந்த மாதங்கள் அவை.

எங்கள் ஆறு பேரில் ஆடத் தெரிந்தவர் கலா அக்கா ஒருவர்தான். அவர்தான் கைப்பேசியில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். ஊரே வேலையில்லாமல் தவித்த காலத்துப் படம். ஆட்டக்காரர்கள் பட்டினியோடு ஒத்திகை பார்க்கிறார்கள். கதாநாயகிக்குக் கால் பிசகுகிறது. பின்வரிசைப் பெண் மேடையேறி நட்சத்திரமாகிறாள். கல்யாண விருந்துகளில் எல்லாரும் குத்தாட்டம்தான் போடுகிறார்கள், காலால் தாளம் தட்டும் இந்த ஆட்டத்தை நாம் ஆடலாம் என்றார். டக்டக்கென்று சத்தம் வரப் பழைய பள்ளிக் காலணிகளின் அடியில் பாட்டில் மூடிகளை ஆணியடித்தோம். ஈப்போவில் கல்யாண மண்டபம் நடத்தும் ராஜன் அண்ணன், ஆட்டம் பிடித்தால் வாரந்தோறும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முந்தின நாள், கலா அக்கா பசாரில் மீன்கடைத் தண்ணீரில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"நீதான் நடுவுல ஆடணும். வேற ஆளு இல்லலா," என்று அழுதார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. படத்தில் அப்படியே வருகிறதே!

மற்றவர்கள் கூலி வேலைக்குப் போயிருந்ததால் சேர்ந்து ஒத்திகை பார்க்க வழியில்லை. அக்கா ஆடிய காணொளியை வைத்துத் தனியாகப் பழகினேன். திரையில் அவர் எந்தப் பக்கம் போனாரோ, அந்தப் பக்கமே நானும் போனேன். எதிரில் நிற்பவரின் இடது எனக்கு வலது என்பது இந்த மண்டைக்கு எட்டவேயில்லை.

மறுநாள் மண்டபத்தில் பாட்டு தொடங்கியது. கைகோத்த வரிசை, நடுவில் நான். நால்வரும் இடப்பக்கம் இழுத்தார்கள். நான் சிங்காரமாகச் சிரித்தபடி வலப்பக்கம் பாய்ந்தேன். வழவழப்பான தரையில் பாட்டில் மூடிகள் நிற்குமா? ஐந்து பேரும் சரிந்தோம். நான் மட்டும் சறுக்கிக்கொண்டே போய் ராஜன் அண்ணன் நாற்காலியடியில் நின்றேன், கைகள் இரண்டையும் விரித்து, அதே சிரிப்போடு. மூலையில் கலா அக்கா முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

ராஜன் அண்ணன் கண்ணீர் வரச் சிரித்து முடித்தார்.

"ஆட்டம் சுமார்தான். ஆனா இந்த விழுற அக்கா கண்டிப்பா வரணும். ஒவ்வொரு தடவையும் இப்படியே விழுவீங்களா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் காது எரிந்தது. அரிசி வாளி நினைவுக்கு வந்தது.

"விழுவேன் அண்ணே," என்றேன்.

இப்போது கலா அக்கா நடுவில் ஆடுகிறார். நான் ஓரத்தில் நின்று, சரியான இடத்தில் தப்பான பக்கம் பாய்ந்து விழுகிறேன். கைதட்டல் எனக்குத்தான் அதிகம். முட்டி வலியும் எனக்குத்தான். வெளியூர்க் கல்யாணங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமைதோறும் கணவர் தைல பாட்டிலை என் பையில் வைத்துவிட்டுக் கேட்பார்:

"இன்னைக்கி எங்க விழுற?"

"தாப்பாவுல."

"சரி, பாத்து விழு."