சீஸ் நீக்கு படலம்

முதற்கண் அவளை வணங்குவோம். பாலை நீத்தவள், தயிரைத் துறந்தவள், நெய்யின் நறுமணம் நாசியில் வந்து நயந்து நின்றபோதும் நிலைகுலையாத நெஞ்சுரத்தாள், முட்டையோட்டுக்குள் உறங்கும் மஞ்சள் ஞாயிற்றை உடைக்க மறுத்த கருணைக்கடல், தேனீயின் உழைப்பைத் தேனீக்கே விட்டுக்கொடுத்த பெருந்தகை. பல் கட்டும் கூடமொன்றில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்த் தலைகவிழ்ந்து, முன்பின் அறியாதவர் வாய்க்கெல்லாம் கடைவாய்ப் பற்களை மெழுகில் வடித்து, பீங்கானில் சுட்டு, பளபளப்பேற்றி அனுப்பும் அவள், ஊரார் மெல்லுவதற்கு வழிசெய்துவிட்டுத் தான் மெல்லுவதற்கு ஒன்றுமின்றி, ஒரு சனிக்கிழமை உச்சிவெயிலில் நகர வீதிகளில் அலைந்த கதையை இனிச் சொல்லப் புகுகிறோம். பசியோடிருப்பவர்கள் சற்று முன்னால் வந்து அமருங்கள். பாலொழித்தாள் என்பதே அவளுக்கு நாம் சூட்டும் பட்டம்.

அவள் நோன்பு பூண்ட வரலாறு சிறிது. ஓராண்டுக்கு முன், வேலைக்குப் போகும் பேருந்து சிக்னலில் நின்றபோது, அருகே வந்து நின்ற லாரியின் கூண்டிலிருந்து ஒரு கோழி அவளை ஏறிட்டுப் பார்த்தது. ஏறக்குறைய முப்பது நொடி. கோழி எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. விளக்கு பச்சையானது. லாரி இடப்பக்கமும் பேருந்து வலப்பக்கமுமாகப் பிரிந்தன. அன்று மாலை வீடு திரும்பிய பாலொழித்தாள், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து, பகைவர் பாசறைக்குள் புகுந்த தனிவீரனைப் போல் அதன் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காலிசெய்தாள். ஊர் அதை வீகன் என்றது, புலவர் நனிசைவம் என்பர், அவள் கணவன், "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டான்.

கோழியால் விளைந்த நோன்பு கேக்கினால் விளைந்த போராக மாறியது. பாலொழித்தாளின் பிறந்தநாளன்று, பக்கத்து நகரில் வாழும் அவள் நாத்தனார், கணவனின் ஒரே தங்கை, நோன்பைப் பற்றி ஏதும் அறியாதவளாய், விடியுமுன் எழுந்து, ஏழு முட்டைகளும் அரைக்கிலோ வெண்ணெயும் இட்டுக் கேக் ஒன்று சமைத்து, அதை நான்கு மணிநேரம் பேருந்தில் மடிமீது சுமந்து, ஒரு குலுக்கலுக்கும் சரியவிடாமல் கொண்டுவந்து சேர்த்தாள். பாலொழித்தாள் அதைப் பார்த்தாள். "எனக்கு வேணாம்மா" என்றாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம், அடுப்பில் ஏதோ பொங்கியதால் சொல்லாமல் உள்ளே போனாள். "சரிங்க அண்ணி" என்றாள் நாத்தனார். அவ்விரண்டு சொற்களால் எழுந்த மதில் நான்கு மாதம் நின்றது. இடையில் காரணம் தெரிய வந்தபோதும் மதிலில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை. "அண்ணிகிட்ட சொல்லிரு" என்றும், "உன் தங்கச்சிகிட்ட கேளு" என்றும் இரு பேரரசுகளுக்கிடையே தூது சுமந்து சுமந்து கணவன் தோள் தேய்ந்தான்.

அந்நிலையில்தான் அறைகூவல் வந்தது. நாத்தனார் நீதிமன்றச் சுருக்கெழுத்தர்; வழக்குரைஞர் வாயிலிருந்து புறப்படும் சொற்கணைகளை நிமிடத்துக்கு நூற்றிருபது வீதம் பிடித்துத் தாளில் அடைக்கும் விரல்வித்தகி. பயிற்சி ஒன்றுக்காக அவள் இந்நகருக்கு வந்திருந்தாள். மூன்றரைப் பேருந்தில் ஊர் திரும்புவாள். அண்ணன் கைபேசிக்கு அவளிடமிருந்து ஓலை வந்தது. அதை அவன் உரக்க வாசித்தான்.

"அண்ணிக்கு ஓகேன்னா மதியம் வெளிய சாப்பிடலாம். எனக்கு மெக்சிகன் சாப்பிடணும்னு இருக்கு. அவங்க சாப்பிடுற மாதிரி இடமா அவங்களே பாக்கட்டும்."

வாசித்தவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, போருக்குச் செல்லும் மனைவிக்கு வீரன் ஒருவன் உரைக்கத்தக்கதையே உரைத்தான்: "இந்தத் தடவையாவது எதையாவது சாப்பிட்டுரு. தண்ணிய மட்டும் குடிச்சிட்டு உக்காந்துராத."

எழுந்தாள் பாலொழித்தாள்! துணிப்பையைத் தோளில் மாட்டி, குடையை வாளென ஏந்தி, ஒன்று ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் பேரங்காடியின் வாயிலை அடைந்தாள். நாத்தனார் அங்கே நின்றிருந்தாள். புதுச்செருப்பு குதிகாலைக் கடித்திருந்தது. முகம் தீர்ப்புக்குக் காத்திருக்கும் நீதிமன்றம் போல் இறுகியிருந்தது. "வாங்க அண்ணி" என்றாள். இருவரும் நகரும் படிக்கட்டில் ஏறினர்.

மூன்றாம் தளத்திலிருந்தது முதற்கோட்டை. சுவரெங்கும் அகன்ற தொப்பிகள், நுழைந்தவுடன் குளிர், அமர்ந்தவுடன் பதினாறு பக்க உணவுப்பட்டியல். அதைப் புரட்டிய பாலொழித்தாளின் கண்முன் பகைவரின் நால்வகைப் படையும் அணிவகுத்து நின்றது. பரிட்டோ என்னும் யானைப்படை கொழுத்துத் திரண்டு அசைந்தது. என்சிலாடா என்னும் தேர்ப்படை குழம்புச் சேற்றில் சக்கரம் புதைய நின்றது. கேசடியா என்னும் குதிரைப்படை மடிந்து பாய ஆயத்தமானது. நாச்சோ என்னும் காலாட்படையோ முக்கோண முனைகளை நீட்டியவாறு எண்ணிலடங்காமல் குவிந்து கிடந்தது. அந்தோ! யானை முதல் காலாள் ஈறாக அத்தனை பேரும் சீஸ் என்னும் கவசம் பூண்டிருந்தனர். உருகிய கவசம், துருவிய கவசம், உள்ளே ஒளித்த கவசம். ஆயினும் சில பெயர்களின் அருகே சின்னஞ்சிறு பச்சை இலை பொறித்திருக்கக் கண்டு, கடலில் தத்தளிப்பவர் கரையின் விளக்கைக் கண்டதுபோல் அவள் உள்ளம் துள்ளியது. பரிமாறுபவனை அழைத்தாள்.

"இந்த இலை போட்டதெல்லாம் வீகனா தம்பி?"

"வெஜ் மேடம்."

"சீஸ் இருக்குமா?"

"சீஸ் வெஜ்தானே மேடம்."

"சீஸ் இல்லாம இந்தக் கேசடியா கிடைக்குமா?"

அவன் நேர்மையாளன். நெடுநேரம் சிந்தித்தான். "குடுக்கலாம் மேடம். ஆனா அப்ப அது வெறும் ரொட்டி."

நாத்தனார் காகிதக் கைக்குட்டையை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் அது மடியவில்லை. இருவரும் ஆளுக்கு இரண்டு குவளை நீர் அருந்தி, தோற்ற படைக்குரிய அமைதியுடன் நகரும் படிக்கட்டில் இறங்கினர்.

இரண்டாம் கோட்டை கடைத்தெருவில், மருந்துக்கடையை ஒட்டி இருந்தது. அங்கே இருக்கை இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தட்டுத் தட்டாக உணவு. முன்னால் நீண்ட வரிசை. கேட்டதை அள்ளிச் சுருட்டிக் கொடுப்பார்கள். வேண்டாததை வேண்டாமெனச் சொல்லலாம் என்பதறிந்து பாலொழித்தாளின் மார்பு விம்மியது. இருபது நிமிடம் நின்று, முறை வந்ததும், பீன்ஸ் இருந்த தட்டைச் சுட்டினாள்.

"இதுல என்ன இருக்கு?"

"பீன்ஸ்."

"பீன்ஸோட வேற என்ன இருக்கு?"

"பன்னிக் கொழுப்பு" என்றான் அள்ளுபவன், பிறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லும் பெருமிதத்தோடு. "அதுலதான ருசியே!"

"சாதம்?"

"கோழி வேகவெச்ச தண்ணியில பொங்குறது."

"ரொட்டி?"

"மைதா. அதுலயும் கொழுப்புதான், அப்பதான் சாஃப்டா இருக்கும். மேடம், லெட்டூஸ் இலை இருக்கு. லெட்டூஸ் தரட்டா?"

பின்னால் நின்ற ஒன்பது வயிறுகள் ஒரே குரலில் உறுமின. பாலொழித்தாள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் குதியைச் செருப்பிலிருந்து விடுவித்து, வலியை மறைக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்று ஐம்பது. அப்போது பாலொழித்தாளின் உள்ளத்துக்குள் ஒரு பெரும்போர் மூண்டது. அங்கே முரசம் இல்லை, கொடி இல்லை. ஒருபுறம் கூண்டுக்குள்ளிருந்த ஒரு பார்வை, மறுபுறம் நான்கு மாதமாகத் தன் முகம் பார்த்துப் பேசாத ஒருத்தி. ஒரு நாள்தானே. ஒரு தட்டுதானே. விழுங்கிவிட்டால் முடிந்தது. மலை சரிவதுபோல் அவள் தோள்கள் சரிந்தன.

"பரவால்ல, பீன்ஸே போடுங்க" என்றாள். "ரெண்டு பேருக்கும்."

அள்ளுபவன் கரண்டியை ஓங்கினான். அது இறங்குமுன், கண்ணாடித் தடுப்பின்மேல் பளாரென ஒரு கை விழுந்தது. கடை நடுங்கியது, வரிசை வாயடைத்தது. நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் பிடிக்கும் கை அது!

"நிறுத்துங்க!" என்றாள் நாத்தனார். "அண்ணி, அதுல பன்னிக் கொழுப்புன்னு இப்பதான அவர் சொன்னாரு? காதுல விழல?"

"விழுந்துச்சு. உனக்குப் பசிக்குதேன்னு..."

"எனக்குப் பசிச்சா நான் சாப்பிடுறேன். அதுக்கு நீங்க ஏன் சாப்பிடணும்? வாங்க வெளிய."

வெளியே, மருந்துக்கடையின் நிழலில், இரு பேரரசுகளும் நான்கு மாதத்துக்குப் பின் முதன்முறையாக நேருக்கு நேர் நின்றன. தூதுவன் இல்லை. தாமாகவே பேசியாக வேண்டும்.

"எனக்காகவா சாப்பிடப் பாத்தீங்க?" என்றாள் நாத்தனார்.

"அன்னைக்கு உன் கேக்க வேணாம்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க. நான் கேக்குக்காகவா கோவப்பட்டேன்? ஏன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்து உள்ள வெச்சிருப்பேன். என் கையால செஞ்சதுன்னாலதான் வேணாங்கிறீங்கன்னு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ல அழுதுட்டே போனேன்."

பாலொழித்தாள் அவள் கையைப் பற்றினாள். "அப்படி இல்லடி" என்றாள். "அடுப்புல பொங்கிருச்சு."

இதைவிடச் சிறந்த சமாதான உடன்படிக்கையை எப்பேரரசும் எழுதியதில்லை. நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். மருந்துக்கடைக்குள் சென்று, குதிகாலுக்கு ஒரு பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டு, வெளியே வந்து, படைத்தலைமையைத் தன் கையில் எடுத்தாள். உணவுப்பெட்டியை முதுகில் சுமந்து பைக்கில் அமர்ந்திருந்த ஒருவரை வழிமறித்தாள்.

"அண்ணே, பாலு, சீஸு, கொழுப்பு எதுவும் இல்லாம மெக்சிகன் எங்க கிடைக்கும்?"

ஊரின் அத்தனை சமையலறை வாசலையும் அறிந்த அவர் தலையைச் சொறிந்தார். "சலூனுக்கு மேல மாடியில ஒரு அக்கா போடுறாங்க. கேட்டுப் பாருங்க. கொஞ்சம் கோவக்காரங்க."

இதோ மூன்றாம் கோட்டை! குறுகிய படிகள், கீழே முடியுலர்த்திகளின் இடைவிடாத போர்முழக்கம், மேலே ஐந்தே மேசைகள், அடுப்பின் முன் தலைமுடிக்கு வலை அணிந்து, கையில் கத்தியோடு நின்ற சமையல்காரம்மா. நாத்தனார் தன் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை உருவினாள். பென்சில் மின்னியது. இவ்வுலகம் அதுவரை கண்டிராத குறுக்கு விசாரணை தொடங்கிற்று.

"ரொட்டி எதுல?"

"மக்காச்சோள மாவு, தண்ணி, உப்பு."

"கொழுப்பு?"

"கிடையாது."

"கிடையாதா, இன்னைக்கு மட்டும் கிடையாதா?"

"என்னைக்கும் கிடையாதும்மா."

"பீன்ஸ் எதுல வேகுது?"

"தண்ணியில. வெங்காயம், பூண்டு, தண்ணி. நீங்க போலீஸா?"

"கோர்ட்டு. சாதம்?"

சமையல்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அதுல கோழித் தண்ணி. அதத் தொடாதீங்க. மெனுவையும் பாக்காதீங்க. உக்காருங்க, நான் செஞ்சு தரேன்."

அமர்ந்தனர். கல்லில் காளான் சுருண்டு கமழ்ந்தது. தக்காளியும் மிளகாயும் தீயில் கருகி அம்மியேறின. அவகாடோ பச்சை வெண்ணெயாய்க் குழைந்தது. காத்திருக்கையில் நாத்தனார் கைபேசியைப் பார்த்தாள். "மூணரைய விட்டுருவோம் அண்ணி. அஞ்சரைக்கு இன்னொரு பஸ் இருக்கு" என்றாள்.

தட்டுகள் வந்தன. ஆளுக்கு நான்கு டாக்கோ, காளானும் பீன்ஸும் பொதிந்து மடித்த சோள ரொட்டிகள். ஐயகோ! அவற்றின் உச்சியில், பனிமலைச் சிகரத்தில் படிந்த பனியென, வெள்ளை வெளேரென்று ஒரு கோடு! பாலொழித்தாளின் கை அந்தரத்தில் நின்றது. நாத்தனார் நாற்காலி பின்னே சரிய எழுந்தாள். குறிப்பேட்டைக் கொடியெனத் தூக்கினாள். முடியுலர்த்திகளும் ஒரு கணம் ஓய்ந்தன.

"இது என்னது?" என்று முழங்கினாள். "இத நீங்க வாக்குமூலத்துல சொல்லவே இல்ல!"

"முந்திரிம்மா" என்றார் சமையல்காரம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஊறவெச்சு, எலுமிச்ச புழிஞ்சு அரைச்சது. பேசாம சாப்பிடுங்க."

வெற்றி! கண்காணா முரசங்கள் அதிர, கோட்டைகள் இரண்டின் தோல்வியும் துகளாய் உதிர, பசியென்னும் பேரரக்கன் பல்லிளித்துப் பணிந்து பின்வாங்க, பாலொழித்தாள் தன் கையால் முதல் டாக்கோவை எடுத்து, எலுமிச்சையைப் பிழிந்து, அதைத் தான் உண்ணாமல் நாத்தனாரின் பக்கம் நீட்ட, நாத்தனாரும் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்ட, இருவர் கண்களும் நிறைந்து தளும்ப, ஈரேழு உலகமும் அக்காட்சியைக் காண மூச்சடக்கி நின்ற அப்பொன்னான பொழுதில், ரொட்டி இரண்டும் நடுவில் கிழிந்து எல்லாம் மேசையில் கொட்டிவிட்டது.

இருவரும் ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டார்கள்.